சுவரை எடுத்தாயிற்று, அதன் வேலையை யார் பார்ப்பது? திறந்த அமைப்பு வீட்டை அலங்கரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் இப்போது எழும்பும் புது வீடுகள் பலவற்றில் ஹோல், சாப்பாட்டு மேசை, குசினி மூன்றுக்கும் நடுவே சுவர் கிடையாது. உப்புவெளியில் கடலைப் பார்த்துக் கட்டுகிறவர்களும் இப்படிக் கட்டுகிறார்கள், லிங்கநகரில் சின்னக் காணிக்குள் கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டும் என்று கட்டுகிறவர்களும் இப்படிக் கட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பும், வீடு கட்டும் மேசன் பாஸ் அதைப் பார்த்துச் சுவரைக் குறைத்துவிடுவார். கட்டி முடிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. குடிபூரல் முடிந்து சாமான்களை இறக்கும்போதுதான் எதை எங்கே வைப்பது என்று தலை சுற்றும்.

சுவர் சும்மா நிற்பதில்லை. மீன் பொரிக்கும் வாசத்தை மறிக்கும், கழுவாத சட்டியை மறைக்கும், ரீவிச் சத்தத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளும், அலுமாரிக்கு முதுகு கொடுக்கும், பெயின்ற் எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று காட்டும். அதை எடுத்துவிட்டால் இந்த வேலைகளை எல்லாம் வேறு எதன் தலையிலாவது கட்ட வேண்டும். திறந்த வீட்டு அலங்காரத்தில் நான் பார்க்கும் தவறுகளில் அநேகமானவை இதை மறந்துபோவதால் வருகிறவை.

முதலாவது, எல்லாத் தளபாடங்களையும் ஓரத்துக்குத் தள்ளுவது. நம் பழைய ஹோல்களில் கதிரைகளைச் சுவரோடு வரிசையாகப் போட்டுப் பழகிவிட்டோம். 12 அடி அறைக்கு அது சரி. 30 அடி நீள இடத்திலும் அப்படியே செய்தால் நடுவில் கல்யாண மண்டபம் போல வெறும் தரை கிடக்கும், இந்தச் செற்றியில் இருப்பவர் அந்தச் செற்றியில் இருப்பவரோடு கத்தித்தான் கதைக்க வேண்டும். எதிரெதிர் இருக்கைகள் எட்டு, ஒன்பது அடிக்குள் இருக்கட்டும். செற்றியைச் சுவரிலிருந்து இழுத்து, அதன் முதுகு சாப்பாட்டு மேசையைப் பார்க்கும்படி போட்டால் அந்த முதுகே எல்லையாகிவிடும். இதைச் சொன்னவுடன் வீட்டுப் பெரியம்மா ஒருவர், “வாற சனத்துக்கு முதுகைக் காட்டி வைக்கிறதோ, தம்பி?” என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். செற்றிக்குப் பின்னால் அதே உயரத்தில் ஒடுக்கமான ஒரு மேசையோ புத்தகத் தட்டோ போட்டுவிட்டால் முதுகு தெரியாது. தச்சரிடம் புதிதாகச் செய்விக்கிறீர்கள் என்றால் பின்பக்கத்துக்கும் முன்பக்கத் துணியையே அடிக்கச் சொல்லுங்கள். சுவரோடு சாத்தப்போகிற சாமான்தானே என்று நினைத்து, பின்னால் ஏதாவது மலிவுத் துணியை அடித்துத் தந்துவிடக்கூடும்.

வாசலிலிருந்து குசினிக்கும் பின்கதவுக்கும் போகும் வழியையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். மூன்று அடி அகலமாவது தேவை, அதுவும் ரீவி பார்ப்பவரின் முன்னால் போகக் கூடாது. சாப்பாட்டுக் கதிரையை இழுத்து எழும்புவதற்கும் மேசை விளிம்பிலிருந்து மூன்று அடி வேண்டும். செற்றிக்கும் நடு மேசைக்கும் இடையில் ஒன்றரை அடி போதும். வாங்குவதற்கு முன் பழைய பத்திரிகைத் தாள்களைச் சாமானின் அளவுக்குத் தரையில் விரித்துவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கடையில் சின்னதாகத் தெரிந்த செற்றி வீட்டுக்கு வந்ததும் எப்படி ஊதிவிடுகிறது என்பது அப்போதே விளங்கிவிடும்.

தரை விரிப்பும் ஓர் எல்லைதான். நடு மேசைக்கு அடியில் மட்டும் ஒரு துண்டைப் போடுவதில் பயனில்லை, செற்றியின் முன்கால்களாவது அதன்மேல் ஏற வேண்டும். ஆனால் படங்களில் வரும் மொத்தமான மயிர்க் கம்பளம் நம் ஊருக்குச் சரிவராது. கடற்கரைக்குப் போய்வந்த கால்களின் மணலை எல்லாம் அது விழுங்கி வைத்துக்கொள்ளும், மாரியில் ஈரம் பிடித்து மணக்கத் தொடங்கும். பெரிய பன்பாய் ஒன்றோ தட்டையாக நெய்த பருத்தி விரிப்போ போதும். தூக்கி உதறலாம், வெயிலில் போடலாம்.

காற்றைக் கேட்காமல் செய்யும் அலங்காரம்

எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வீட்டுப் படங்கள் காற்றில்லாத நாட்டில் எடுத்தவை போல இருக்கும். திருகோணமலையில் வைகாசி தொடங்கி மேற்கிலிருந்து கச்சான் காற்று காய்ந்து, சூடாக, புழுதியோடு அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குப் பக்கமிருந்து மழை சரிந்து வரும், கார்த்திகை, மார்கழியில் அது உச்சம். அறை அறையாகப் பிரித்த வீட்டில் ஒரு கதவைச் சாத்தினால் கதை முடிந்தது. திறந்த வீட்டில் ஒரு யன்னலால் நுழையும் காற்று வீடு முழுவதையும் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும்.

ஆகவே அடுப்பு எந்தப் பக்கம் என்பது அலங்காரத்தையும் பாதிக்கும். குசினி மேற்குப் பக்கம் இருந்தால் கச்சான் காலம் முழுக்கப் பொரியல் வாசம் ஹோல் பக்கமே வரும். கிழக்குப் பக்கம் இருந்தால் மாரியிலும், பின்னேரக் கடற்காற்றிலும் அதே கதை. எந்தத் திசையில் வைத்தாலும் வருடத்தில் ஒரு பாதி தப்பாது என்பதால், புகையை வெளியே தள்ளும் விசிறி கட்டாயம் வேண்டும். புகைபோக்கி வாங்கும்போது, குழாய் வழியாகக் காற்றை வெளியே அனுப்புவதா, அல்லது கரி வடிகட்டியால் வடித்து அதே இடத்துக்குத் திருப்பி விடுவதா என்று கேளுங்கள். இரண்டாவது வகை நீராவியை எடுக்காது, சூடை மீன் பொரிக்கும் வீட்டுக்கு அது காணாது. அடுப்பு யன்னலுக்கு நேரே இருப்பதும் கூடாது. காற்றில் சுவாலை அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் ஆபத்து. சுவாலை அணைந்தால் தானாகக் கேஸை நிறுத்தும் அடுப்புகள் கிடைக்கின்றன, திறந்த குசினிக்குக் காசு கொடுத்து அதையே வாங்கலாம்.

வாசம் முதலில் போய்க் குடியேறும் இடம் துணி. அடுப்பிலிருந்து பத்து அடிக்குள் செற்றி இருந்தால், உறையைக் கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். வெல்வெட் வேண்டாம், தயவுசெய்து.

சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு இப்போது எல்லோருக்கும் ஆசை. மேசையிலிருந்து 30 முதல் 36 அங்குலம் வரை உயரத்தில் தொங்கவிடுவது வழமை. மெல்லிய வயரில் தொங்கும் பிரம்புக் கூடு கச்சானில் ஊஞ்சலாடும், அதன் நிழலும் சுவரெல்லாம் ஆடும், சாப்பிடுகிறவருக்குத் தலை சுற்றும். விறைப்பான குழாயில் தொங்கும் விளக்கைத் தேடுங்கள். பேன் பக்கமும் கவனம் தேவை. சீலிங்கில் பதிக்கும் லைட் பேன் இதழுக்கு மேலே வந்துவிட்டால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும், புத்தகம் படிக்கவே முடியாது. மின்வேலை செய்பவரும் சீலிங் அடிப்பவரும் வெவ்வேறு நாளில் வந்துபோவதால் நடப்பது இது. இருவருக்கும் ஒரே படத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது உப்பு. கடலோரத்தில் 304 ரக ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்கூடப் பழுப்புப் புள்ளி விடும், 316 ரகம் அதைவிடத் தாங்கும். குசினியும் ஹோலும் ஒன்றாக இருக்கும்போது கைப்பிடியில், பிணைச்சலில் வரும் துரு எல்லோர் கண்ணிலும் படும். தொட்டிக்குக் கீழே மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை போட்டால் ஒரு சின்னக் கசிவிலேயே ஊதி உரிந்துவிடும். அந்த இடத்துக்கு அலுமினிய பான்ரி அலுமாரிதான் நல்லது. அழகில் ஒரு படி குறைவு என்று சொல்வார்கள். முதிரைக் கதவு போட்டு அந்தக் குறையை மறைக்கலாம், செலவு உங்கள் விருப்பம்.

வெளிச்சமும் சத்தமும்

ஒரே ஸ்விற்சில் ஆறு லைட், எல்லாம் 6500 கெல்வின் வெள்ளை. திறந்த வீட்டை இரவில் வைத்தியசாலை வார்டாக்கும் வழி இது. பெட்டியில் கெல்வின் எண் போட்டிருக்கும், எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும், பார்த்து வாங்கலாம். இருக்கும் பக்கத்துக்கும் சாப்பிடும் பக்கத்துக்கும் 2700 அல்லது 3000, வெட்டிச் சமைக்கும் மேடைக்கு 4000. பகுதிக்கு ஒரு ஸ்விற்ச் வையுங்கள். குசினி லைட்டை அணைத்த உடனே கழுவாத சட்டிகள் இருட்டுக்குள் போய்விடும், இதைவிட மலிவான மறைப்பு கிடையாது.

மினுங்கும் ரைல்ஸ், கண்ணாடிக் கதவு, வெறும் சுவர் மூன்றும் சேர்ந்தால் சத்தம் எதிரொலிக்கும். குக்கர் விசில், கிரைண்டர், ரீவியில் கிரிக்கெட், மூலையில் ஓ-லெவல் படிக்கும் பிள்ளை எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். தரை வரை விழும் பருத்தித் திரைச்சீலை, மெத்தை இருக்கைகள், நிறையப் புத்தகம் அடுக்கிய தட்டு ஆகியவை சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். படிக்கிற பிள்ளைக்குக் கதவுள்ள அறை ஒன்று வேண்டும், அதற்கு அலங்காரத்தில் மருந்தில்லை.

பெயின்ற் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. நீளச் சுவர் ஒன்றின் நடுவே நிறத்தை மாற்றாதீர்கள். உள்மூலையிலோ தூணிலோ மேலே குறுக்காகப் போகும் வளையிலோ மாற்றுங்கள். ரைல்ஸும் வீடு முழுக்க ஒரே வகையாக இருந்தால் போதும். பகுதிகளைப் பிரிக்கவென்று தரையில் ஒரு சின்னப் படி வைப்பது மட்டும் வேண்டாம், வயது போனவர்கள் தடக்கி விழுவார்கள்.

படலையில் நின்றால் எது தெரிகிறது?

இதை ஒரு தடவை செய்து பாருங்கள். முன்கதவைத் திறந்துவிட்டுப் படலையில் போய் நில்லுங்கள். கோப்பை கழுவும் தொட்டி தெரிகிறதா, காயப்போட்ட சீலை தெரிகிறதா? நம் ஊரில் ஆட்கள் சொல்லாமல் வருவார்கள். முன்பு அவர்களை விறாந்தையில் இருத்திவிட்டு உள்ளே வேலை பார்க்கலாம், இப்போது வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அடுப்படிதான். சமையல் மேடையின் ஹோல் பக்க விளிம்பை ஆறு அங்குலம் உயர்த்திவிட்டால் மேடைமேல் கிடப்பது தெரியாது. வாசலுக்கு நேரே ஒரு மரச் சட்டத் தட்டியோ பிரம்புத் தட்டியோ நிறுத்தினால் பார்வை தடைப்படும், காற்று தடைப்படாது. பாரமான அடிக்கட்டையில் நிறுத்துங்கள், காரணம் மேலே சொன்ன கச்சான்தான்.

கண்ணாடித் தட்டுகளையும் திறந்த இறாக்கைகளையும் குறைத்து, மூடிய அலுமாரியைக் கூட்டுங்கள். அரிசிப் பையை, விளக்குமாற்றை, சைக்கிள் பம்பை வைக்க அறை இல்லாத வீடு இது.

சாமித்தட்டு பலருக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும். அப்போது மிச்சமிருக்கும் இடம் பிரிட்ஜுக்குப் பக்கமாக இருக்கும். மச்சம் சமைக்கும் மேடையைப் பார்க்காத ஒரு மூலையை வரைபடத்திலேயே ஒதுக்கி, இரட்டைக் கதவு போட்ட மாடமாகச் செய்யுங்கள். பேன் காற்று விளக்கை அணைக்கக் கூடாது, சுவாலைக்கு மேல் பலகை நெருக்கமாக வரக் கூடாது, பின்சுவரில் ரைல்ஸ் இருந்தால் எண்ணெய்ப் புகையைத் துடைக்கலாம். தொழுகைக்கு இடம் ஒதுக்கும் வீடுகளிலும் கணக்கு ஏறக்குறைய அதேதான். நடைவழியில் வராத, முன்னால் ஆட்கள் குறுக்கே போகாத மூலை வேண்டும்.

செடி வைப்பவர்கள் போத்தல் தண்ணீரில் மணிபிளான்ற் வளர்த்தால் தண்ணீரை மாற்றி, போத்தலின் உட்பக்கத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது இந்த மாதிரிச் சுத்தமான தேங்கிய நீரில்தான். திறந்த வீட்டில் ஓர் அறையை மட்டும் பூட்டித் தப்ப முடியாது, யன்னல்களுக்கு வலை அடித்துவிடுங்கள்.

புது வீடு கட்டாமல் பழைய வீட்டின் சுவரை உடைத்துத் திறக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடுகளில் உட்சுவரே கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்காமல் மேசனிடம் சம்மட்டியைக் கொடுக்காதீர்கள். அந்தச் சுவர் நிற்கத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், வளை போட்டு வாசலை ஆறு, ஏழு அடிக்கு அகலமாக்க முடியுமா என்று கேளுங்கள். இரு பக்கமும் கொஞ்சம் சுவர் மிஞ்சும். அலுமாரிக்கு முதுகு கிடைக்கும், பெயின்ற் முடிய இடம் கிடைக்கும், மீன் பொரிக்கும் நேரத்தில் இழுத்துவிட ஒரு திரையும் போடலாம். என்னைக் கேட்டால் முழுக்கத் திறந்த வீட்டைவிட இதற்குத்தான் கை தூக்குவேன்.