ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நுரையீரலில் கட்டி' என்று எழுதியிருந்தால்

"எட்டாம் மாத ஸ்கேனில் கட்டி கரைந்துவிட்டது என்றார்களே, இப்போது எதற்கு சிடி ஸ்கேன்?" குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கும் என்னிடம் இதைக் கேட்காத பெற்றோர் குறைவு.

பிறவி நுரையீரல் கட்டி பெரும்பாலும் கர்ப்பத்தின் 26 முதல் 28 வாரம் வரை வளரும். பிறகு அது அடங்க, சுற்றியுள்ள நுரையீரல் பெரிதாகிறது. அல்ட்ராசவுண்டில் கட்டி தெரியாமல் போகலாம். பிறந்தபின் எடுக்கும் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கலாம். இரண்டையும் நம்பி ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஐந்தாம் மாத அறிக்கைதான் எங்களுக்கு முதலில் வேண்டும்.

கர்ப்பத்தின்போதே சி.வி.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் 0.52-ஐயும் பெருக்கி, குழந்தையின் தலைச் சுற்றளவால் வகுத்தால் வரும் எண் அது. 1.6-ஐத் தாண்டினால் குழந்தையின் உடலில் நீர் கோக்கும் ஆபத்து அதிகம். ஸ்கேன் அடிக்கடி எடுக்க வேண்டிவரும். பிரசவத்தைப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூச்சை எண்ணப் பழகுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம். பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயது வரை 50. இதைத் தொட்டாலோ, விலா உள்ளிழுத்தாலோ, பால் குடிக்கையில் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே கிளம்புங்கள். பாட்டி கோபித்துக்கொண்டாலும் சாம்பிராணிப் புகை வேண்டாம்.

தொந்தரவு இல்லாத குழந்தைக்கு, சாயம் செலுத்தி எடுக்கும் சிடியை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுப்பது வழக்கம். சில கட்டிகளுக்குப் பெருந்தமனியிலிருந்தே நேராக ரத்தக்குழாய் வரும். கத்தி வைக்குமுன் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மூச்சுத் திணறும் குழந்தைக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. மற்றவர்களுக்கு, நிமோனியாவையும் அரிதாக வரும் புற்றுநோயையும் எண்ணிச் சிலர் ஒரு வயதுக்குள் கட்டியை எடுத்துவிடச் சொல்வார்கள்; சிலர் கண்காணிக்கலாம் என்பார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. எதையும் முடிவு செய்யாமல் வராமலே இருந்துவிடுகிறார்களே, அவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் மார்பிலிருந்து ஒரு குழாய் தண்ணீர் பாட்டிலுக்குப் போகும். குழந்தை மூச்சுவிடும்போதெல்லாம் குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கும்போது பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழேயே இருக்கட்டும். சாய்ந்துவிட்டால் நீங்களே சரிசெய்யாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.