இரண்டாம் பாகத்தை முதலில் வாங்காதீர்கள்

செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்துப் புத்தகக் கண்காட்சி முடிந்த கையோடு, சொந்தக்காரப் பிள்ளைகள் வாங்கியதைக் காட்ட வீட்டுக்கு வருவார்கள். காதல் நாவல், ஃபேன்டஸி, இரண்டும் கலந்த தடித்த தொடர்கள். பையைத் திறந்ததுமே எது பாதியில் நிற்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். தொடர்களை அப்படிக் கெடுத்துக்கொள்ளும் பிழைகள் சிலதைக் கீழே சொல்கிறேன், எல்லாம் அந்த வயதில் நானும் ஆடிய கூத்துகள்தான். பக்கத்தை மடிக்காதே, கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே என்பதெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கையில் கிடைத்த பாகத்தில் தொடங்குதல்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். என் தங்கச்சியின் மகள் மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் டிராகன் படம் போட்ட நாவலொன்றை மலிவாகப் பிடித்து வந்தாள். இரண்டாம் பாகம்.

“பெரியம்மா, முதலாவது அங்க இல்லை. போகப்போக விளங்கும்தானே?”

விளங்கும். பிரச்சினையே அதுதான். முதல் பாகத்தில் யார் செத்தார், யார் காட்டிக்கொடுத்தார், கதாநாயகி யாரை நம்பிப் போனாள் என்பதை இரண்டாம் பாகத்தின் பின்னட்டையே மூன்று வரியில் கொட்டிவிடும். எழுதியவர் நானூறு பக்கம் பொத்திப் பொத்தி வைத்தது பஸ்ஸில் வீடு வந்து சேர முன்னமே போய்விடும். பிறகு முதல் பாகத்தைத் தேடிப் பிடித்து வாசித்தாலும் அது பரீட்சைக்குப் படிப்பது போலத்தான் இருக்கும். அவள் அந்தத் தொடரை அத்தோடு விட்டாள். கதை சரியில்லையாம்!

சரி, இலக்கம் பார்த்து வாங்கினால் போதுமா? அதுவும் போதாது. சி. எஸ். லூயிஸின் நார்னியா தொடரில் ஏழு நாவல்கள். அலுமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டுக்குப் போகும் கதைதான் 1950இல் முதலாவதாக வந்தது. 1955இல் ஆறாவதாக வந்த ‘த மெஜிஷியன்ஸ் நெஃபியூ’ கதைக் காலப்படி எல்லாவற்றுக்கும் முந்தியது என்பதால், இப்போதைய பதிப்புகளில் அதற்குத்தான் ஒன்று என்று இலக்கம் போட்டிருக்கிறார்கள். அதில் தொடங்கினால், காட்டுக்கு நடுவில் தனியாக எரியும் அந்த விளக்குக் கம்பம் எப்படி வந்தது என்ற கேள்வி எழும்ப முன்னமே விடை கிடைத்துவிடும். எழுதி வெளிவந்த வரிசையில் வாசியுங்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டு இருக்கும், அதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது அரைப் புத்தகம். ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் அந்தத் தொடரில் மூன்றாவது நாவல் ‘எ ஸ்டோர்ம் ஒஃப் சோர்ட்ஸ்’. அமெரிக்காவில் அது ஒரே புத்தகம். பிரித்தானிய மலிவுப் பதிப்பில் ‘ஸ்டீல் அண்ட் ஸ்னோ’, ‘பிளட் அண்ட் கோல்ட்’ என்று இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். கொழும்புக் கடைகளில் பிரித்தானியப் பதிப்பு நிறையவே அகப்படும். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பின்பாதியை மட்டும் வாங்கிவந்து, ஆள் யார் எவர் என்று தெரியாமல் முழித்தார். “முழுசுதான் தம்பி” என்று கடைக்காரர் சொன்னாராம். இன்னொரு பாதிக்கு மறுபடியும் காசு. அந்தத் தொடரின் ஐந்தாவது நாவல் வந்தது 2011இல். ஆறாவது இன்னும் வரவில்லை என்பதையும் வாங்க முன்னம் தெரிந்துகொள்வது நல்லது. முடியாத கதைக்கு மனம் இடம் கொடுத்தால் வாங்குங்கள், நான் மறிக்கவில்லை.

காதல் தொடர்கள் இந்த விஷயத்தில் சாது. பிரிட்ஜர்டன் தொடரில் எட்டு உடன்பிறப்புகள், எட்டு நாவல்கள், ஒவ்வொன்றிலும் ஒருவருக்குச் சோடி சேரும். தொலைக்காட்சித் தொடரே மூன்றாவது பருவத்துக்கு நாலாவது நாவலைத்தான் எடுத்தது. எங்கே தொடங்கினாலும் பெரிதாக ஒன்றும் கெடாது. ஆனால் ஒரே சோடி பாகம் பாகமாக நீளும் மாயக் காதல் கதைகளில் இந்தச் சலுகை இல்லை. அப்படியானவற்றில் முதல் பாகம் கிடைக்காவிட்டால் பொது நூலகத்தில் தேடுங்கள். அங்கேயும் இல்லையா, அந்தக் கதையையே தள்ளிவையுங்கள்.

விலைக்கழிவுக்கு ஆசைப்பட்டு முழுத் தொடரையும் வாங்குதல்

முதலாவதை வாசித்துப் பிடித்தால் மட்டும் மிச்சப் பாகங்கள்.

‘முடிவுதான் தெரியுமே’ என்று அலுத்துக்கொள்ளுதல்

காதல் நாவலில் இருவரும் சேருவார்கள் என்பது வாசகருக்கு முதலே கொடுத்த வாக்கு. எப்படிச் சேருகிறார்கள் என்பதற்குத்தான் வாசிக்கிறோம். 1813இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் 61 அத்தியாயங்கள். கதாநாயகன் டார்சி முதன்முதலில் தன் விருப்பத்தைச் சொல்வது 34ஆவதில், அதையும் கதாநாயகி எலிசபெத் முகத்தில் அடித்த மாதிரி மறுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகும் 27 அத்தியாயங்கள் இருக்கின்றன. காதல் கட்டங்களை மட்டும் புரட்டி வாசிப்பவர்களுக்கு அந்த மறுப்பு வெறும் சண்டையாகத்தான் தெரியும். அதற்கு முன் வந்த நடனம், விருந்து, எலிசபெத்தின் அம்மாவின் அலட்டல் எல்லாம் வாசித்திருந்தால்தான் அது சுடும்.

ஃபேன்டஸிக் கதையின் வரைபடத்தையும் பெயர்களையும் மனப்பாடம் செய்தல்

வேண்டாம். தேவையான பெயர் திரும்பத் திரும்ப வரும்.

பின்னிணைப்பைத் தவறான நேரத்தில் வாசித்தல்

டோல்கீனின் ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ ஃபேன்டஸிக் கதையில் காதலே இல்லை என்று சொல்பவர்கள் பின்னிணைப்பைத் திறக்காதவர்கள். அரகோர்ன், ஆர்வென் என்ற காதலர் இருவரின் கதை அங்கேதான் கிடக்கிறது, அவர்களின் மரணம் உட்பட. ஆகவே கடைசியாக வாசியுங்கள். ஆனால் வாசியுங்கள்.

விடிய விடிய ஒரே மூச்சில் முடித்தல்

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்த கதை. அடுத்த கிழமைவரை ஆளைத் தவிக்கவிடத்தான் பல அத்தியாயங்களின் முடிவில் ஒரு கொக்கி. ஒரே இரவில் முப்பதை விழுங்கினால் கொக்கிகள் அலுத்துப்போகும். இரண்டு மூன்றோடு மூடிவையுங்கள். வந்தியத்தேவன் இலங்கைக்கு வரும் இரண்டாம் பாகத்தில் மட்டும் இந்த விதியை நான் தளர்த்துவேன், நம்ம ஊர்ப் பாசம்.

இரவல்

தொடரின் நடுப்பாகத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். திரும்பி வராது, தனிப் பாகமாக வாங்கப் போனால் அட்டை மாறிய புதுப் பதிப்புத்தான் கிடைக்கும்.