கடிதம் பார்த்துக் கல்யாணம்: அமெரிக்க மேற்கைக் களமாக வைத்துச் சரித்திரக் காதல் நாவல் எழுதுவது எப்படி?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், பத்திரிகை விளம்பரம் பார்த்து, கடிதம் எழுதி, நேரில் முகம் பார்க்காமலே ரயிலேறிப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் உண்டு. ‘மெயில் ஆர்டர் பிரைடு’ என்று ஆங்கிலத்தில் இதற்குத் தனி நாவல் வகையே இருக்கிறது. ஃபோட்டோவும் ஜாதகமும் கைமாறும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தப் படபடப்பு புரியும். புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவது விவரங்களில்தான்.

படி 1: முதலில் ஆண்டு, பிறகு பெயர்கள்

‘அந்தக் காலத்தில்’ என்று பொத்தாம் பொதுவாக ஆரம்பித்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே கதை முட்டி நிற்கும். உதாரணத்துக்கு 1874ஐ எடுத்துக்கொள்வோம். கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை 1869இல் இணைந்துவிட்டது, அதனால் கதாநாயகி ரயிலில் வரலாம். அவள் மாசசூசெட்ஸின் லோவல் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளி. கதாநாயகன் நெப்ராஸ்கா சமவெளியில் 1870இல் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனுப் போட்டவன். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தமாகும். 1875இல் இரண்டு சாட்சிகளோடு போய் நிரூபிக்க வேண்டும். கதைக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது!

1874 கோடையில் அந்தச் சமவெளியெங்கும் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிப் பயிரை மொட்டையடித்தது. கொடியில் காய்ந்த துணியைக்கூட விடவில்லை. தனியாக வில்லன் வேண்டாம். அதே ஆண்டுகளில்தான் அந்த மண்ணின் பூர்வகுடிகளான பாவ்னி மக்கள் நெப்ராஸ்காவை விட்டுத் தெற்கே போகும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். ‘யாருமில்லாத வெற்று நிலம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

படி 2: கல்யாணத்துக்குச் சட்டத்தால் ஒரு முட்டுக்கட்டை

நான்கு வரி பேசினால் தீர்ந்துவிடும் தப்பெண்ணத்தை வைத்து நாவலை இழுப்பதுதான் இந்த வகையில் அதிகம் பார்க்கும் குறை. அதைவிட வலுவான முரண் ஹோம்ஸ்டெட் சட்டத்திலேயே இருக்கிறது. 21 வயது நிரம்பிய, மணமாகாத பெண் தன் பெயரிலேயே 160 ஏக்கருக்கு மனுப் போடலாம். கணவனோடு வாழும் மனைவியால் பொதுவாக முடியாது. ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகு இது அவள் காதில் விழுந்தால்? தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கிய குடும்பத்து வாசகருக்கு இந்தத் தவிப்பை விளக்கவே வேண்டாம்.

அவளுடைய ரயில் கட்டணத்தைக் கொடுத்தது யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அவன் கொடுத்திருந்தால் அவள் கடன்பட்டவள். அவளே கொடுத்திருந்தால் திரும்பிப் போகக் கையில் காசு இருக்காது. இரண்டும் வேறு வேறு நாவல்கள்.

படி 3: கடிதங்கள்

அன்று கிராமத்தில் வீடு தேடித் தபால்காரர் வரமாட்டார். அந்த ஏற்பாடு 1896இல்தான் தொடங்கியது. அவன் தபால் நிலையம் இருக்கும் ஊருக்குப் போய்த்தான் கடிதம் வாங்க வேண்டும். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்காது. தபால்தலை 3 சென்ட். 1873இல் வந்த அஞ்சலட்டை 1 சென்ட்தான், ஆனால் ஊரே படிக்கும்.

நாவலில் நான்கு கடிதங்கள் போதும், ஒவ்வொன்றும் 150 சொல்லுக்குள். கடிதத்தில் பொய் வேண்டாம், மறைப்பு போதும். ‘எனக்குச் சொந்த வீடு இருக்கிறது’ என்று எழுதுகிறான். உண்மைதான். புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிய ஒற்றை அறை அது. மழை பெய்தால் கூரை சேறாக ஒழுகும். மரமே இல்லாத ஊரில் அடுப்புக்கு மாட்டுச் சாண வறட்டி.

படமும் அனுப்பட்டும். அன்று மலிவாகக் கிடைத்தது டின்டைப் என்னும் இரும்புத் தகட்டுப் படம். அது கண்ணாடி பிம்பம்போல இடவலம் மாறித் தெரியும். படத்தில் வலது கன்னத்தில் இருந்த தழும்பு நேரில் இடது கன்னத்தில். ‘வந்திருப்பது வேறு ஆளோ’ என்று அவள் ஒரு கணம் பின்வாங்க இது போதும்.

படி 4: அளவு

20 அத்தியாயம், ஒவ்வொன்றும் 2,500 சொல் என்றால் 50,000. இருவரும் நேரில் சந்திப்பது இரண்டாம் அத்தியாய முடிவுக்குள் நடந்துவிட வேண்டும். ஐந்து அத்தியாயம் கடிதமாகவே ஓடினால் வாசகர் இறங்கிப் போய்விடுவார். வெட்டுக்கிளியை 11, 12இல் வையுங்கள். நிலப் பத்திரத்தைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒதுக்குங்கள்.

படி 5: நீங்களும் நீயும்

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இல்லாத வசதி இது. கடிதங்களில் இருவரும் ‘நீங்கள்’. அவன் எப்போது ‘நீ’ என்கிறான், அவள் எப்போது என்கிறாள் என்று அத்தியாய எண்ணோடு குறித்து வையுங்கள். இருவரும் ஒரே நாளில் மாறக் கூடாது. அவள் கோபத்தில் மறுபடி ‘நீங்கள்’ என்று சொல்லும் இடத்தில் கதவைச் சாத்தும் காட்சிகூடத் தேவைப்படாது.