பேராசிரியருக்கு மெயில் போடும் முன், அவர் பக்கத்தைக் கீழிருந்து மேலே படியுங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் பயோமெடிக்கலும் பயோடெக்கும் படிக்கிற பிள்ளைகள் பிராஜெக்ட் நேரம் வந்துவிட்டால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "அக்கா, இந்த சாருக்கு மெயில் போடலாமா?" என்று கேட்பார்கள். அதில் ஒரு பேராசிரியரின் படம், பதவி, கீழே "ஆய்வு ஆர்வங்கள்: திசுப் பொறியியல், உயிரிப்பொருட்கள், மருந்து செலுத்துதல்" என்று இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்புகிறார்கள், ஒரு பதிலும் வராது, உடனே நம்ம காலேஜ் பேர் அவர்களுக்குத் தெரியாது, நம்ம இங்கிலீஷ் சரியில்லை என்று மனம் ஒடிந்துபோகிறார்கள். காரணம் பெரும்பாலும் அதுவல்ல. அந்த மெயிலில் அவரைப் படித்ததற்கான தடயமே இருக்காது.

ஆய்வு ஆர்வங்கள் என்ற பகுதியைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் அவருடைய இணையப் பக்கத்தின் அடிக்குப் போய், அவர் இளநிலையில் என்ன படித்தார், முனைவர் பட்டம் எதில், அதன்பின் யாருடைய ஆய்வகத்தில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆக இருந்தார் என்று பாருங்கள். பயோ இன்ஜினியரிங் என்பது பலரும் வேறு எங்கிருந்தோ வந்து சேர்ந்த துறை. ஆள் எந்த இடத்தில் திரும்பினார், எதற்காகத் திரும்பினார் என்று தெரிந்தால் பாதி புரிந்த மாதிரி.

ஒய். சி. ஃபங்கை எடுத்துக்கொள்ளுங்கள், உடலில் விசையும் அசைவும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் உயிர் இயந்திரவியலின் தந்தை என்று சொல்லப்படுபவர். 1919-ல் சீனாவில் பிறந்து, அமெரிக்காவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் வாங்கியவர், வேலை செய்தது விமான இறக்கையில். காற்று வேகமாக ஓடும்போது நெகிழும் இறக்கை எப்படித் துடிக்கிறது என்பதுதான் அவர் ஆராய்ந்தது. ஜெர்மனியில் விடுப்பில் இருந்தபோது சீனாவில் இருந்த அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் வர, அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துத்தான் உடலின் பக்கம் வந்தார். 1966-ல் சான் டியாகோ போய் அங்கே பயோ இன்ஜினியரிங் படிப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். மேலோட்டமாகப் பார்த்தால் விமானத்திலிருந்து ரத்தக் குழாய்க்குத் தாவல் மாதிரி தெரியும். ஆனால் நெகிழும் சுவரின் மேல் ஓடுகிற பொருள் தள்ளினால் சுவர் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அவர் காட்டிய ஒரு விஷயத்தை நம்மூர்ப் பொருளை வைத்தே புரிந்துகொள்ளலாம். பனை ஓலை நறுக்கை வளைத்து, ஈர்க்கு குத்தி வளையமாக்குங்கள். ஈர்க்கை உருவினால் பட்டென்று விரியும், ஏனென்றால் வளைந்திருந்தபோது உள்பக்கம் நெருங்கியும் வெளிப்பக்கம் இழுபட்டும் இருந்தது. தமனியை மெல்லிய வளையமாக நறுக்கி ஓரிடத்தில் வெட்டினால் அதுவும் இப்படியே வாயைத் திறக்கும். ரத்தம் ஓடாதபோதும் சுவருக்குள் ஒரு இறுக்கம் மிச்சம் இருக்கிறது, அது இருப்பதால்தான் ரத்த அழுத்தம் ஏறும்போது உள்சுவர் மட்டும் தனியாகச் சுமையைத் தாங்காமல் சுவர் முழுக்கப் பகிர்ந்துகொள்கிறது. இந்த அளவுக்கு ஒரே ஒரு கட்டுரையைப் புரிந்துகொண்டால் போதும், மெயிலில் எழுத விஷயம் கிடைத்துவிடும்.

ராபர்ட் லாங்கரும் இப்படித்தான். கெமிக்கல் இன்ஜினியர், 1974-ல் எம்ஐடியில் முனைவர் பட்டம், அப்புறம் பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். பெரிய புரத மூலக்கூறுகளைப் பாலிமருக்குள் வைத்து மெல்ல மெல்ல வெளியே விட முடியும் என்று 1976-ல் எழுதியபோது பலர் நம்பவில்லை, அவருடைய முதல் ஒன்பது நிதி விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. 2010-ல், பின்னாளில் கோவிட் தடுப்பூசி செய்த மாடர்னா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு முழுத்தாளில் ஆண்டு, இடம், கையில் எடுத்த பொருள், கேட்ட கேள்வி என்று நெடுக்குக் கோடு போட்டு நாலு பத்தியாகப் பிரித்து அவர் வாழ்க்கையை நிரப்புங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவர் கட்டுரைகளை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். ஆசிரியர் பெயர்களில் முதலில் இருப்பவர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவர், கடைசியில் இருப்பவர் ஆய்வகத் தலைவர். எனவே அவர் பெயர் கடைசியில் இருக்கிற சமீபத்திய கட்டுரைகள்தான் இன்று அந்த ஆய்வகத்தில் நடப்பதைச் சொல்லும். முனைவர் பட்ட காலத்தில் எழுதியது ஒன்று, சமீபத்தியது ஒன்று, துறையில் இதுவரை நடந்ததைத் தொகுத்து அவரே எழுதிய ரிவ்யூ கட்டுரை இருந்தால் அதையும் முதலில் படியுங்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் போடும் எச்-இண்டெக்ஸ் எண்ணைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வயது ஏற ஏற அது ஏறத்தான் செய்யும். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் என்றால் ஆய்வகம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் விட்டுவிடாதீர்கள்.

மெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, பத்தமடைப் பெண் ஒருத்தி எழுதியது. முதலில் எழுதியது: "உங்கள் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, வாய்ப்பு தாருங்கள்." அந்தப் பேராசிரியர் மெல்லிய இழைகளை ஒரே திசையில் அடுக்கி அதன்மேல் செல்களை வளர்ப்பவர், செல்கள் இழை போகும் திசையிலேயே நீண்டு படுத்துக்கொள்ளும். அவள் வீட்டில் பாய் நெசவு. இரண்டு நாள் அந்தக் கட்டுரையோடு உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுதினாள்: "உங்கள் மூன்றாவது படத்தில் இழைகள் நேராக இருக்கின்றன. எங்கள் வீட்டில் கோரையை ஊறப்போட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நெருக்கம் மாறிவிடும். செல் வளர்க்கும் திரவத்தில் பல நாள் கிடக்கும்போது உங்கள் இழைகளும் உப்பி வரிசை கலையுமா? அதை அளந்து பார்க்க மே, ஜூன் இரண்டு மாதம் நான் வர முடியும்." ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அந்த மெயிலை என்னிடம் காட்டும்போது அவளுக்குக் கை நடுங்கியது, எனக்கும் பேச்சு வரவில்லை.

நீளம் பத்து வரிக்கு மேல் வேண்டாம். அவர் பெயரைச் சரியாக எழுதுங்கள், மேடத்துக்கு சார் என்று போய்விடக் கூடாது. ஒரு பக்க பயோடேட்டா போதும். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

எல்லாரும் சென்னை, பெங்களூரு என்றே பார்க்கிறார்கள். நாகர்கோவில் வழியாக ரயில் ஏறினால் திருவனந்தபுரம், அங்கே பூஜப்புரையில் ஸ்ரீ சித்ரா நிறுவனத்தின் பயோமெடிக்கல் பிரிவு இருக்கிறது. இதய அறுவை மருத்துவர் வலியத்தானின் தலைமையில் அங்கே செயற்கை இதய வால்வு செய்தார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன, நான்காவது 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக் ஒன்றை ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, ஸ்ரீ சித்ரா மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து தருகிற கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள்.

பதில் வந்து வீடியோ காலில் பேசச் சொன்னால், அந்த நாலு பத்தித் தாளை எதிரே வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்களைப் பற்றிச் சொல்லி முடித்ததும், அவர் திரும்பிய அந்த ஆண்டைத் தொட்டு, "அங்கிருந்து இங்கே ஏன் வந்தீர்கள்?" என்று கேளுங்கள்.