நார்வே முன்னோரைத் தேடும் முறை: திருச்சபைப் பதிவேடுகளும் கணக்கெடுப்புகளும்

நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்த என் பேத்திக்குத் தாய்வழி வம்சாவளியை ஐந்து தலைமுறை வரை நான் வாய்மொழியாகவே சொல்லிவிடுவேன். தந்தைவழியில் எனக்குத் தெரிந்திருந்தது மருமகனின் தாத்தா பெயர் ஒன்றுதான். அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்று மயிலாப்பூர் வீட்டில் அமர்ந்தபடியே தேடத் தொடங்கி, இன்று 1760களில் பிறந்த ஒரு தம்பதி வரை போய்ச் சேர்ந்திருக்கிறேன். இதற்காக நார்வேக்குப் போகவும் இல்லை, கட்டணம் செலுத்தவும் இல்லை. அந்நாட்டின் தேசிய ஆவணக்காப்பகம் பழைய திருச்சபைப் பதிவேடுகளையும் கணக்கெடுப்பு ஏடுகளையும் டிஜிட்டல்ஆர்கிவெட் என்னும் தன் இணையதளத்தில் எல்லோரும் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. நார்வேக்காரர்களோடு சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று, நான் கற்ற முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது பெயர். நார்வேயில் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறவர் இரண்டு மூன்று தலைமுறைக்குள் வழி தெரியாமல் நின்றுவிடுவார். ஏனெனில் பரம்பரையாக வரும் குடும்பப் பெயரை எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டமே 1923இல்தான் வந்தது. அதற்கு முன் நாட்டுப்புறத்தில் இருந்த வழக்கம், தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாக இடும் நமக்கு எளிதில் விளங்கக்கூடியது. ஹான்ஸின் மகன் ஓலே என்றால் அவர் ஓலே ஹான்சன். அவருடைய மகன் லார்ஸ் என்றால் லார்ஸ் ஓல்சன், மகள் ஆன்னே என்றால் ஆன்னே ஓல்ஸ்தத்தர். பெண் திருமணத்துக்குப் பின்னும் தகப்பன் பெயரோடுதான் பதிவேடுகளில் வருவாள், ஆகையால் தாய்வழியைத் தேடுவதும் கடினமில்லை. இவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் அது அவர்கள் குடியிருந்த பண்ணையின் பெயர். அது முகவரியைப் போன்றது. வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் அதுவும் மாறிவிடும். எனவே தேடலில் ஆளின் பெயரைவிடப் பண்ணையின் பெயரையே நான் முதன்மையாகக் கொள்கிறேன்.

பெயரிடும் முறையும் நமக்குப் பழக்கமானதே. மூத்த மகனுக்குப் பெரும்பாலும் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் வைத்தார்கள்; பெண் குழந்தைகளுக்கும் பாட்டிமாரின் பெயர்கள் இப்படியே வந்தன. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே நாம் பெயரன் என்றோம், அதுவே பேரன் ஆயிற்று! ஆகவே ஒரு வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை வயது வரிசையில் எழுதிப் பார்த்தால், இன்னும் கண்டுபிடிக்காத தாத்தா பாட்டியின் பெயர்களைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஊகம் ஊகம்தான், பதிவு கிடைக்கும் வரை அதைப் பென்சிலால் மட்டுமே எழுதி வையுங்கள்.

வேலையைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. நூறு ஆண்டு ஆகும் வரை பெயர் விவரங்களை வெளியிடுவதில்லை என்பது அங்குள்ள விதி. அதன்படி 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. நம் நாட்டில் கணக்கெடுப்பில் தனி ஒருவர் தரும் விவரத்தைப் பிறர் பார்க்க 1948ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், முதன்முதலில் ஒரு வீட்டார் முழுவதையும் பெயர் பெயராகத் திரையில் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தெரிந்த தாத்தாவை 1920 அல்லது 1910 ஏட்டில் கண்டுபிடியுங்கள். 1910இல் பிறந்த தேதியே இருப்பதால் அது மிகவும் உதவும். அங்கிருந்து 1900, 1891, 1875, 1865 என்று பின்னால் போகலாம். 1885இல் நகரங்களை மட்டுமே கணக்கெடுத்தார்கள். 1865, 1875 ஏடுகளில் பிறந்த இடமும், பண்ணையில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு விதை என்பதும்கூட இருக்கும். அந்த வரியைப் படிக்கும்போது அவர்கள் வெறும் பெயராக இல்லாமல் மனிதர்களாகவே கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

1865க்கு முன் நாடு முழுவதையும் பெயரோடு எழுதிய கணக்கெடுப்பு 1801இல் எடுத்த ஒன்றுதான். இடைப்பட்டவை பெரும்பாலும் தலைக்கணக்கு மட்டுமே. இந்த 64 ஆண்டு இடைவெளியைக் கடக்கத் திருச்சபைப் பதிவேடு வேண்டும். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைச் சபையில் உறுதிசெய்யும் சடங்கு), திருமணம், அடக்கம், ஊருக்குள் வந்தவர், ஊரைவிட்டுப் போனவர் என்று அதில் தனித்தனிப் பகுதிகள் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம் என்பார்களே, அதுபோல நார்வேயிலும் ஒரு போதகரின் கீழ்ப் பல சபைகள் இருந்தன. உங்கள் பண்ணை எந்தச் சேகரத்தில் இருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே ஏட்டைத் திறக்க வேண்டும். இவற்றில் நான் மிகவும் நம்புவது திடப்படுத்தல் பதிவை. 1736 முதல் அது கட்டாயமாக இருந்ததால் பதினைந்து வயதை ஒட்டிய பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் அதில் வருவார்கள். 19ஆம் நூற்றாண்டு ஏடுகளில் பிறந்த நாள், பெற்றோர், குடியிருப்பு, அம்மை குத்திய விவரம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோரின், அதாவது சடங்கில் குழந்தைக்குச் சாட்சியாக நின்றவர்களின், பெயர்களையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமன் முறை உள்ளவர்களே.

இங்கே நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஒரே சேகரத்தில், ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு ஓலே ஹான்சன்களில் தவறானவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் அவருடைய முன்னோரை எழுதிக்கொண்டிருந்தேன். சம்பந்தி தம் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான், எங்கள் ஓலேயின் தாயார் பெயர் மார்த்தே அல்ல, ஆன்னே என்று தெரிந்தது. ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் உள்ள வேதாகமம், கடிதம், புகைப்படத்தின் பின்புற எழுத்து ஆகியவற்றை முதலிலேயே கேட்டுவிடுங்கள். தகப்பன் பெயர், பண்ணை, வயது மூன்றும் ஒத்துப்போகாமல் ஒருவரையும் ஏற்காதீர்கள். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது வழக்கமாக இருந்ததால், ஞானஸ்நானப் பதிவு கிடைத்த கையோடு அடுத்த சில ஆண்டுகளின் அடக்கப் பதிவுகளையும் பார்ப்பது அவசியம்.

எழுத்துதான் எல்லோரையும் தடுக்கும் சுவர். பழைய ஏடுகள் கோதிக் என்னும் பழங்காலக் கையெழுத்தில், டேனிஷ் மொழியில் இருக்கும். 1814 வரை நார்வே டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்ததே அதற்குக் காரணம். நம் தரங்கம்பாடியும் அந்த மன்னரின் கொடியின் கீழ்தான் இருந்தது. 1788 முதல் 1806 வரை அதை ஆண்ட ஆளுநர் பீட்டர் ஆன்கர் நார்வேயில் பிறந்தவரே. முழு மொழியையும் கற்க வேண்டியதில்லை. பிறப்பு, இறப்பு, மகன், மகள், விதவை, பண்ணையாள் போன்ற முப்பது நாற்பது சொற்கள் போதும். ஒரே போதகர் எழுதிய பத்துப் பக்கங்களை, தெரிந்த பெயர்களை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பழகினால் கை பிடிபடும். 1800க்கு முற்பட்ட ஏடுகளில் தேதிக்குப் பதிலாகத் திரித்துவத் திருநாளுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு என்பதுபோல் திருநாள் பெயர் இருக்கும். இத்தகைய திருநாள்கள் பல ஈஸ்டரைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறுவதால், அந்த ஆண்டின் ஈஸ்டர் எந்த நாளில் வந்தது என்று பார்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஏட்டுக்கு ஏடு மாறும் என்பதால், தேடும் பெட்டியில் முதல் சில எழுத்துகளை மட்டும் இட்டு நட்சத்திரக் குறி போடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்த இணையதளம் நிலையான இணைப்பு ஒன்றைத் தருகிறது. பெயரை நோட்டில் எழுதும்போதே அந்த இணைப்பையும் சேகரத்தின் பெயரையும் பக்க எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நாளைக்கு என் பேத்தி சரிபார்க்க விரும்பினால் அவளும் நேராக அந்தப் பக்கத்துக்கே போகலாம்.