ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.3 இருந்தும் மகளின் கல்வி உதவித்தொகை நின்றது: என் அனுபவம்

அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு இரண்டாம் செமஸ்டர் முடிந்ததும் மெயில் வந்தது: ஃபெடரல் (மத்திய அரசு) நிதியுதவி நிறுத்தம். பதினோரு நாள் அலைந்தோம்.

முதலில் அட்வைசரைப் பார்த்தாள். "ஜிபிஏ 2.3, நீ ப்ரோபேஷனிலேயே (மதிப்பெண் குறைந்தவர்களுக்கான எச்சரிக்கை நிலை) இல்லை" என்றார். ரிஜிஸ்ட்ரார் அலுவலகமும் அதையே சொன்னது. தப்பாக வந்த மெயில் என்று நம்பி ஒரு வாரத்தை விட்டோம்.

உண்மையில் அவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். கல்லூரி ப்ரோபேஷன் ஜிபிஏவைப் பார்க்கிறது. நிதியுதவி அலுவலகமோ எடுத்த கிரெடிட்டில் (பாடங்களை அளக்கும் அலகு) எத்தனை தேறியது என்றும் பார்க்கிறது. சுமார் 67 சதவீதம் வேண்டும். 120 கிரெடிட் பட்டத்தை 180 கிரெடிட்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து வரும் எண் அது. டெங்கு வந்தபோது அவள் பாதியில் விட்ட நான்கு பாடங்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பட்டியல்) 'டபிள்யூ', அதாவது பாடத்திலிருந்து விலகல் என்ற குறி, இருந்தது. அது ஜிபிஏவைத் தொடாது, ஆனால் எடுத்த கிரெடிட்டில் சேரும். 30 எடுத்து 18 தேறினால் 60 சதவீதம்தான்!

மேல்முறையீடு செய்தோம். மருத்துவர் கடிதம் மட்டும் வைத்த முதல் மனு திரும்பி வந்தது. ஏன் தேறவில்லை என்ற காரணம் மட்டும் போதாது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்றும் எழுத வேண்டுமாம். அதையும், அட்வைசர் கையெழுத்திட்ட பாடத் திட்டத்தையும் (அடுத்த செமஸ்டரில் 12 கிரெடிட் தேறினால் 42க்கு 30, அதாவது 71 சதவீதம்) சேர்த்து அனுப்பினோம். நான்காம் நாள் ஒரு செமஸ்டருக்கு உதவி திரும்பக் கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது.