புளோக் தோட்டத்தில் டொட்டொனாக்குகளின் கொடி: வெனிலா வளர்த்துப் பதப்படுத்துவது எப்படி

வெனிலா கொடியை வளர்ப்பது பெரிய விஷயமே இல்லை. சிங்கப்பூரின் வெக்கையும் ஈரமும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஈசூனில் எங்கள் சமூகத் தோட்ட வேலியில் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. வேலை ஆரம்பிப்பது பூ வந்த பிறகு, அதைவிடக் காய் பறித்த பிறகு. பச்சைக் காயில் வெனிலா வாசனை கிடையாது. அதை வரவழைக்கும் கைவேலைக்குப் பேர்போனவர்கள் மெக்சிகோவின் வளைகுடாக் கரையில், இன்றைய வெராக்ருஸ் மாநிலத்தில் வாழும் டொட்டொனாக் மக்கள்.

முதலில் கொடி. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். சின்னத் துண்டு பூப்பதற்கு வருடக்கணக்கில் இழுத்தடிக்கும். வெட்டிய முனை நிழலில் சில நாள் காயட்டும். இது ஆர்க்கிட் இனம், அதனால் வெறும் மண்ணில் நட்டால் வேர் அழுகிவிடும். தேங்காய் மட்டைத் துண்டும் மரப்பட்டையும் கலந்து நடுங்கள். பாதி நிழல் போதும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசுப்புழு இருந்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். வீட்டு வாசலில் வைப்பவர்கள் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும்.

கொடி தலைக்கு மேலே போனதும் வளைத்துக் கீழே தொங்க விடுங்கள். தொங்கும் கொடிதான் நன்றாகப் பூக்கும், பூவும் கைக்கு எட்டும்.

அப்புறம் இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு. அதற்குள் இந்தக் கொடிக்காரர்களான டொட்டொனாக்குகளின் கதையைத் தெரிந்துகொள்ளலாம். அவர்கள் வட்டாரத்தில் 9ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எல் தஜின் என்ற நகரம் செழித்தது. அதன் பிரமிடில் 365 மாடக்குழிகள் இருந்ததாகக் கணக்கு, வருடத்தின் நாட்களைப் போல. அதைக் கட்டியவர்கள் டொட்டொனாக்குகள்தானா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதே கரையில் இருந்த செம்போவாலா நகரம் அவர்களுடைய ஊர் என்பதில் அந்தச் சண்டை இல்லை. 15ஆம் நூற்றாண்டில் மத்திய மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள் அவர்களை அடக்கிக் கப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். அஸ்டெக் பிரபுக்கள் குடித்த கொக்கோ பானத்தில் வெனிலா மணத்தது.

அந்தக் கப்பத்தின் மேல் இருந்த வெறுப்பில்தான், 1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தேஸ் கரையிறங்கியபோது செம்போவாலாவின் தலைவர் அவரோடு சேர்ந்துகொண்டார். ஸ்பானியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘குண்டுத் தலைவர்’. டொட்டொனாக் வீரர்களும் சுமைகூலிகளும் ஸ்பானியப் படையோடு அஸ்டெக் தலைநகரை நோக்கி நடந்தார்கள். அந்தத் தலைவரை ஏமாளி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வரி வசூலிக்க வந்து நிற்பவனை அவர் பார்த்தார்; பெரியம்மை வரும் என்று யாருக்குத் தெரியும்? 1520இல் அது அந்தக் கரையிலேயே முதலில் பரவியது. நூற்றாண்டு முடிவதற்குள் செம்போவாலா ஏறக்குறைய காலியாகிவிட்டது.

ஆனாலும் வெராக்ருஸின் பப்பந்த்லா ஊர்ப் பக்கத்து டொட்டொனாக்குகள் வெனிலாவை விடவில்லை. முந்நூறு வருடம் உலகுக்கு வெனிலா கொடுத்தது மெக்சிகோதான். கொடியை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனவர்களுக்குப் பூ கிடைத்தது, காய் கிடைக்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் அந்த ஊர்த் தேனீக்கள் கூட வரவில்லையே! 1836இல் பெல்ஜியத்தில் சார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் காட்டினார். 1841இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் எட்மோன் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த எளிய வழிதான் தோட்டங்களில் பரவியது. பப்பந்த்லாவின் சந்தை கைமாற ஆரம்பித்தது அதிலிருந்துதான். இன்று முன்னணியில் இருப்பது மடகாஸ்கர்.

நாம் செய்யப்போவதும் அந்தச் சிறுவனின் வேலையைத்தான். பூ காலையில் விரியும், மதியத்துக்குள் வாடும், ஆகவே காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பூவின் உதட்டைக் கிழித்து விலக்கினால் உள்ளே ஒரு மெல்லிய திரை தெரியும். மகரந்தத்தையும் சூல்முடியையும் (மகரந்தம் ஒட்டவேண்டிய பெண் பாகம்) பிரிப்பது அதுதான். சாத்தே குச்சியின் முனையால் திரையை மேலே தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுங்கள். மல்லிகைச் சரம் தொடுத்துப் பழகிய விரல்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். மறுநாள் பூ உதிர்ந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம். ஒரு கொத்தில் நாலைந்து பூவோடு நிறுத்துங்கள், இளங்கொடி அதற்கு மேல் தாங்காது.

காய் இரண்டு மாதத்தில் முழு நீளம் வந்துவிடும். பக்கத்துப் பாத்திக்காரர், ‘அக்கா, பீன்ஸ் பறிக்கலையா?’ என்று கேட்பார். பறிக்காதீர்கள். எட்டு ஒன்பது மாதம் ஆகி நுனி மஞ்சளாகும் வரை பொறுங்கள்.

பப்பந்த்லாவில் காயை வெயிலிலோ சூட்டறையிலோ வாட்டுவார்கள். நம் ஊர் வெயிலை நம்ப முடியாது, அதனால் வெந்நீர் வழிதான் சரி. தண்ணீர் 63 முதல் 65 டிகிரி, மூன்று நிமிடம். கொதித்தால் காய் வெந்து வீணாகும். எடுத்ததும் துடைத்து, பழைய கம்பளியில் சுற்றி, மூடிய பெட்டியில் இரவு முழுக்க வேர்க்க விடுங்கள். காலையில் பழுப்பாகியிருக்கும். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் வெயில், பிறகு சூட்டோடு மறுபடி கம்பளி. காய் சுருங்கித் தோல் போல வளையும் வரை இப்படியே இரண்டு வாரம் போல. டிசம்பர் மழையில் இது நடக்காது. அந்த மாதத்தில் காய் பழுத்தால் குளிர்சாதன அறையில் மின்விசிறிக்கு அடியில் காய வையுங்கள். பூசணம் பூத்த காயை உடனே பிரித்து எறிந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு மாதம் நிழலில் உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சில மாதம் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். கேக்குக்கும் கஸ்டர்டுக்கும் விதையைச் சுரண்டிப் போடலாம். பாயாசத்தில் நான் சேர்ப்பதில்லை, அங்கே ஏலக்காய் போதும். சுரண்டிய தோலைச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வைத்தால் சர்க்கரையும் மணக்கும்.